தானியமே இல்லாத பாதாம் மஃபின் மறுநாள் பிசுபிசுக்கிறது: கடற்கரைப் பக்கம் யாராவது செய்கிறீர்களா?

கடற்கரைத் தெருக்காரி, கீழக்கரை

அஸ்ஸலாமு அலைக்கும். மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

சென்னையில் இருக்கும் என் லாத்தா (அக்கா) மகனுக்கு ஒன்பது வயது. வயிற்றுக் கோளாறுக்காக ஒரு டாக்டரிடம் காட்டி வருகிறார்கள். கோதுமை, அரிசி, சோளம், கேழ்வரகு என்று எந்தத் தானியமும் கொஞ்ச காலத்துக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாராம். பெருநாளைக்கு எல்லோரும் இங்கே வருகிறார்கள். நம்ம ஊர்ப் பெருநாள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். காலையிலிருந்து வீட்டுக்கு வீடு தட்டு போகும், வரும். பிரியாணி, தொதல், போளி, எல்லாமே அரிசி அல்லது மைதா. அந்தப் பிள்ளை ஒரு வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கக் கூடாது. எனக்கு அவ்வளவுதான்.

பாதாம் மாவில் மஃபின் செய்யலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். வீட்டில் பாதாமுக்கும் பேரீச்சம்பழத்துக்கும் பஞ்சமில்லை. காக்கா (அண்ணன்) துபாயிலிருந்து வரும்போதெல்லாம் பெட்டியில் பாதி அதுதான். போன வாரம் ஒத்திகை மாதிரி ஒரு தட்டு செய்து பார்த்தேன். அந்த வீடியோவில் சொன்ன அளவு: பாதாம் மாவு 3 கப், முட்டை 4, தேன் ஒரு கப் (நான் தேனுக்குப் பதில் கருப்பட்டிப் பாகு), பேரீச்சை விழுது அரை கப், நெய் அரை கப், பேக்கிங் பவுடர் இரண்டு டீஸ்பூன், மேலே கொஞ்சம் உலர்திராட்சை. 180 டிகிரியில் 20 நிமிடம்.

வாசனை தெருமுனை வரைக்கும் போனது. மேல்பாகம் நன்றாகச் சிவந்துவிட்டது, நடுவில் மட்டும் அல்வாப் பதம். ஆறியதும் நடு உள்ளே இறங்கியது. டப்பாவில் போட்டு மூடினேன். மறுநாள் திறந்தால் மேலெல்லாம் பிசுபிசு, அடியில் காகிதம் நெய்யில் நனைந்து கிடக்கிறது. ருசியைக் குறை சொல்ல முடியாது, பிள்ளைகள் ஸ்பூனால் வழித்துத் தின்றுவிட்டார்கள். ஆனால் அதைத் தட்டில் வைத்து மஃபின் என்று நீட்ட முடியாது.

துபாயில் காக்கா வீட்டு மதினி இதே வீடியோவைப் பார்த்துத்தான் செய்கிறார். அங்கே நன்றாக வருகிறதாம். அவர் தேன்தான் ஊற்றுகிறார், வீட்டில் நாள் முழுக்க ஏசி. நம்ம ஊர்க் காற்றா, கருப்பட்டியா, என் ஓடிஜி என்கிற சின்ன மின் ஓவனா, எது காரணம்? கடையில் பாதாம் மாவு வாங்கலாமா, வீட்டிலேயே அரைக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரியபட்டினம் மாமி

வ அலைக்கும் ஸலாம். ஏன் புள்ள, தானியம் இல்லாத பலகாரம் வேண்டுமென்றால் நம்ம வட்டிலப்பம் இருக்கிறதே! முட்டை, கெட்டித் தேங்காய்ப்பால், கருப்பட்டி அல்லது சீனி, ஏலக்காய், மேலே முந்திரி. அரிசி எங்கே இருக்கிறது, கோதுமை எங்கே இருக்கிறது? உம்மம்மா காலத்திலிருந்து ஆவியில் வைத்து எடுக்கிறோம். ஓவனும் வேண்டாம், வீடியோவும் வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு ஒரு கிண்ணம் தனியாக வைத்துவிட்டால் பெருநாள் முடிந்தது.

மஃபின்தான் வேண்டும் என்று அவன் கேட்கிறான் என்றால் அது வேறு கதை. பட்டணத்துப் பிள்ளைகள் கேட்கும்தான்.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. எங்கள் வீட்டில் தினமும் தேங்காய்ப்பால் பிழிகிறோம். சக்கையைக் கோழிக்குத்தான் போடுகிறோம். தேங்காய் மாவு என்று கடையில் விற்பது இந்தச் சக்கைதான் என்று என் மருமகள் சொல்கிறாள். நிஜமா? அதைப் போட்டு இந்த மஃபின் செய்யலாமா?

தங்கச்சிமடம் பேக்கர்

தங்கச்சி, ஷார்ஜாவில் ஒரு ஓட்டல் பேக்கரியில் பல வருடம் மாவு பிசைந்தவன் நான். இப்போது ஊரில் ஆர்டருக்கு மட்டும் செய்கிறேன். கிறிஸ்துமஸ் நேரம் தவிர மற்ற நாளில் எனக்கு நேரம் உண்டு, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் அவசரமான விஷயம். உங்கள் பேக்கிங் பவுடர் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். சோடா உப்பு, ஒரு புளிப்பு உப்பு, இரண்டும் டப்பாவுக்குள்ளேயே சேர்ந்துவிடாமல் இருக்கக் கொஞ்சம் ஸ்டார்ச் (மாவுச்சத்து), இதுதான் பேக்கிங் பவுடர். அந்த ஸ்டார்ச் பெரும்பாலும் மக்காச்சோள மாவு. பிள்ளைக்குச் சோளமும் கூடாது என்றால் இது கணக்கில் வரும். சமையல் சோடாவும் எலுமிச்சைச் சாறும் போதும், பேக்கிங் பவுடரே வேண்டாம். தூள் சர்க்கரையிலும் சோள மாவு கலந்து விற்பார்கள். ‘பாதாம் மிக்ஸ்’ என்று பாலில் கலக்கும் பொடி வருகிறதே, அதைப் பாதாம் மாவு என்று நினைத்து யாராவது வாங்கி வந்துவிடப் போகிறார்கள். அதில் பாதிக்கு மேல் சர்க்கரைதான்.

அடுத்து உங்கள் அளவு. 3 கப் பாதாம் மாவு ஏறக்குறைய 300 கிராம். பாகு, விழுது, முட்டை, நெய் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், மாவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வரும். கோதுமை மாவாக இருந்தாலே திணறும். கோதுமையில் ஸ்டார்ச் நிறைய, சூடு ஏறும்போது அது தண்ணீரைக் குடித்து இறுகும். குளூட்டன் என்கிற கோதுமைப் புரதம் வலை போலப் பிடித்துக்கொள்ளும். பாதாமில் இரண்டும் இல்லை. எடையில் பாதி எண்ணெய், ஐந்தில் ஒரு பங்கு புரதம், ஸ்டார்ச் மிகக் குறைவு. தண்ணீரை அது குடிக்காது, பக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். இங்கே பாதாம் செங்கல், முட்டைதான் சாந்து. சாந்து குறைந்து தண்ணீர் கூடினால் நடு இறங்கத்தான் செய்யும். நெய் வேறு அரை கப்! பாதாமே நெய் மாதிரிதான். அடியில் காகிதம் நனைந்தது அதனால்தான்.

என் அளவு இது. 10 மஃபின் வரும். பாதாம் மாவு 250 கிராம், கப்பில் அளக்காமல் தராசில் நிறுங்கள். வீட்டில் அரைத்த மாவு கப்பில் ஒரு நாள் தளர்வாக விழும், ஒரு நாள் அமுங்கி விழும். முட்டை 3, பெரிதாக. நாட்டுக்கோழி முட்டை என்றால் 4. கருப்பட்டி 100 கிராம். நெய்யோ தேங்காய் எண்ணெயோ 50 மில்லி, அதற்கு மேல் ஒரு சொட்டு வேண்டாம். சோடா அரை டீஸ்பூன் தலைதட்டி, உப்பு கால் டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, ஏலக்காய் உங்கள் இஷ்டம். உலர்பழம் மொத்தம் 100 கிராம், விழுதாக வேண்டாம், துண்டாக.

கருப்பட்டியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி கிடைத்தால் அதைவிட நல்ல வாசனை எந்தத் தேனிலும் கிடையாது, அது என் கட்சி. ஆனால் அதில் மண்ணும் தும்பும் இருக்கும். தட்டி, மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, திரும்ப அடுப்பில் வைத்துத் தேன் பதத்துக்கு வற்றவிடுங்கள். வடிகட்டியதோடு நிறுத்தினால் தண்ணீர் மிச்சம் இருக்கும், அது நேராக மஃபின் நடுவுக்குப் போய் உட்காரும். நன்றாக ஆறிய பிறகுதான் முட்டையில் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் முட்டைப் பொரியல்தான்.

அப்புறம் இன்னொன்று. வெளிநாட்டு ரெசிப்பிகளில் தேன், பழுப்புச் சர்க்கரை என்று போட்டு அதோடு சோடாவை மட்டும் சேர்த்திருப்பார்கள். அந்த இனிப்புகளில் இயல்பாகவே கொஞ்சம் புளிப்புத்தன்மை உண்டு, சோடா வேலை செய்ய அது போதும். நம்ம கருப்பட்டி பதநீரிலிருந்து வருவது. பதநீர் புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவித்தான் கட்டுகிறார்கள். அதனால் கருப்பட்டியை நம்பி எலுமிச்சையை விட்டுவிடக் கூடாது. விட்டால் சோடா வேலை செய்யாமல் சவர்க்காரம் மாதிரி ஒரு ருசி தங்கிவிடும்.

பாதாம் அரைப்பது. கடை மாவு நல்ல நைஸாக வரும், விலைதான் கடிக்கும். உங்கள் வீட்டில் பாதாம் இருக்கும்போது எதற்கு வாங்க வேண்டும்? கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்துப் பச்சைத் தண்ணீரில் விட்டால் தோல் விரலோடு வந்துவிடும். இங்கேதான் கடற்கரைக்காரர்களுக்குச் சிக்கல். துணியில் பரப்பி மின்விசிறி அடியில் ராத்திரி முழுக்க வைத்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். காற்றே ஈரமாக இருக்கும்போது எங்கே காயும்? ஓடிஜியை 100 டிகிரியில் வைத்து, கதவைக் கொஞ்சம் திறந்து விட்டு, அரை மணி நேரம் உலர்த்துங்கள். நிறம் மாறக் கூடாது. ஒன்றை உடைத்தால் டக்கென்று முறிய வேண்டும், வளைந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. முழுக்க ஆறிய பிறகு மிக்சியில் காய்ந்த ஜாரில் கொஞ்சம் கொஞ்சமாக, விட்டு விட்டுச் சுற்றுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் ஜார் சூடாகி எண்ணெய் கக்கி விழுதாகிவிடும். மாவு சல்லடையில் சலித்து, மேலே நிற்கும் ரவையைத் திரும்ப அரையுங்கள். தோலோடு அரைத்தாலும் தப்பில்லை, புள்ளி புள்ளியாகத் தெரியும், கொஞ்சம் கரகரப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

உலர்பழம். பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்து, கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்குங்கள். ஊறவைக்க வேண்டாம், அதுவே மிருதுதான். திராட்சை கல்லாக இருந்தால் மட்டும் வெந்நீரில் ஐந்து நிமிடம், பிறகு பிழிந்து துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். காய்ந்த அத்திப்பழம் சேர்த்தால் அந்தப் பொடி விதை பல்லில் கடிபடுவது எனக்குப் பிடிக்கும், சின்னப் பிள்ளைகள் சிலருக்குப் பிடிக்காது. பாதாமி (ஆப்ரிகாட்) வாங்கினால் ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று இருப்பது கந்தகப் புகை காட்டியது, பழுப்பாக இருப்பது காட்டாதது. ஆஸ்துமா இருக்கும் வீட்டில் பழுப்பைத்தான் வாங்க வேண்டும். நறுக்கி பாக்கெட்டில் விற்கும் பேரீச்சை வேண்டவே வேண்டாம். ஒட்டாமல் இருக்க அரிசி மாவோ ஓட்ஸ் மாவோ தூவியிருப்பார்கள். டூட்டி ஃப்ரூட்டியைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், சாயம் ஏற்றிய பப்பாளிக்காய் அது.

கலக்குவதில் பெரிய வித்தை இல்லை. குளூட்டன் இல்லாததால் எவ்வளவு கிண்டினாலும் ரப்பர் ஆகாது, அந்த ஒரு நிம்மதி இதில் உண்டு. முட்டையை நன்றாக நுரைக்க அடித்து, பாகு, நெய், எலுமிச்சை, பிறகு மாவு, சோடா, உப்பு, கடைசியில் பழம். மாவு கரண்டியிலிருந்து மெதுவாகக் கட்டியாக விழ வேண்டும். ஓடினால் பழம் அடியில் போய்த் தங்கும். சோடாவும் எலுமிச்சையும் சேர்ந்த பிறகு உட்கார்ந்து போன் பேசக் கூடாது, உடனே உள்ளே போக வேண்டும். கப்பில் முக்கால் அளவு நிரப்பலாம், இது மைதா மாதிரி எழும்பாது.

180 டிகிரி இதற்குக் கூடுதல். பாதாமும் கருப்பட்டியும் சீக்கிரம் சிவக்கும், உள்ளே வேகும் முன்பே மேலே கருகும். 160லிருந்து 165, முன்சூடு 15 நிமிடம், நடுத்தட்டு, 25 நிமிடம் வாக்கில். 18 நிமிடத்தில் மேலே நிறம் வந்துவிட்டால் ஒரு அலுமினியத் தாளை மேலே தளர்வாகப் போடுங்கள். சின்ன ஓடிஜியில் மேல் கம்பி ரொம்பப் பக்கத்தில் இருக்கும், மேல் கம்பியை அணைக்கும் வசதி இருந்தால் முதல் 15 நிமிடம் அணைத்து வையுங்கள். குச்சி குத்தினால் ஈர மாவு ஒட்டக் கூடாது, ஒன்றிரண்டு துணுக்கு ஒட்டினால் பரவாயில்லை. விரலால் மெல்ல அமுக்கினால் திரும்ப எழ வேண்டும்.

எடுத்தவுடன் தட்டிலிருந்து பிடுங்காதீர்கள், உடையும். பத்து நிமிடம் அப்படியே விட்டு, பிறகு கம்பித் தட்டில் முழுக்க ஆறட்டும்.

கடைசியாக உங்கள் தலைப்புக் கேள்வி. கோதுமை ரொட்டி மறுநாள் காய்ந்து விறைக்கும். ஸ்டார்ச் பழையபடி இறுகுவதால் வருவது அது. இதில் ஸ்டார்ச் இல்லாததால் விறைக்காது. எதிர்ப்பக்கம்தான் தொந்தரவு. கருப்பட்டியும் பேரீச்சையும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நம்ம காற்றில் அதற்கு ஈரம் கேட்கவா வேண்டும்! வெளியே வைத்தால் மேலே பிசுபிசுக்கும், மூன்றாம் நாள் பூஞ்சை வரும். ஆறிய பிறகு, டப்பா அடியில் ஒரு சமையலறைக் காகிதம், மேலே ஒன்று போட்டு மூடி, அன்றைக்குத் தின்பது போக மிச்சத்தை ஃபிரிட்ஜில் வையுங்கள். பரிமாறும் முன் 150 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் காட்டினால் மேலே திரும்பக் கொஞ்சம் மொறுமொறுப்பு வரும்.

ஆக, துபாய் வீட்டு ஏசியும் உதவி செய்கிறது, ஆனால் பாதிக்கு மேல் குற்றம் அந்த வீடியோக்காரர் அளவுதான்.

மாமி, உங்கள் மருமகள் சொன்னது சரி. பால் பிழிந்த சக்கையை உலர்த்தி அரைத்தால் அதுதான் தேங்காய் மாவு. ஓவனில் 100 டிகிரிக்குக் கீழே வைத்து, நடுநடுவே கிளறி, பொரபொரவென்று உதிரும் வரை உலர்த்திப் பிறகு அரையுங்கள். ஆனால் பாதாம் இருக்கும் இடத்தில் அதே அளவு போட்டால் கல்தான் கிடைக்கும். தேங்காய் மாவு எதைக் கண்டாலும் உறிஞ்சும். ஒரு கப் பாதாம் மாவுக்குக் கால் கப் தேங்காய் மாவு, அதோடு கூட ஒரு முட்டை, அப்படித்தான் கணக்கு. முதலில் 250 கிராம் பாதாமில் 50 கிராமைக் குறைத்து, 15 கிராம் தேங்காய் மாவு சேர்த்துப் பாருங்கள். நம்ம காற்றுக்கு அந்தக் கலவை நன்றாகவே நிற்கும்.

ராம்நாடு டயட்

நான் ராமநாதபுரத்தில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். பேக்கிங் பக்கம் அண்ணன் சொல்லிவிட்டார், அதில் எனக்குச் சேர்க்க ஒன்றுமில்லை. வேறு பக்கம் ஒரு கேள்வி.

தானியமே வேண்டாம் என்றது டாக்டரா, அல்லது கோதுமை வேண்டாம் என்றதை வீட்டில் யாராவது பெரிதாக்கிவிட்டார்களா? இரண்டுக்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது. குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் என்றால் விலக்க வேண்டியது கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றையும் அவற்றில் செய்தவற்றையும். மைதா, ரவை, சேமியா எல்லாம் கோதுமைதான், சிலர் ரவையை வேறு ஏதோ என்று நினைக்கிறார்கள். அரிசி, கேழ்வரகு, கம்பு, தினை, குதிரைவாலி எதிலும் குளூட்டன் கிடையாது. அப்படி என்றால் அந்தப் பிள்ளை இட்லி, தோசை, இடியாப்பம், ஏன் உங்கள் வீட்டுத் தொதலே தாராளமாகத் தின்னலாம். டாக்டர் வேறு காரணத்துக்காக எல்லாத் தானியத்தையும் நிறுத்தச் சொல்லியிருந்தால் அதை மீற வேண்டாம். லாத்தாவிடம் சீட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. சீலியாக் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், ரத்தப் பரிசோதனைக்கு முன்னால் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் பரிசோதனையில் இல்லை என்று காட்டிவிடலாம். முதலில் பரிசோதனை, பிறகுதான் பத்தியம்.

சீலியாக் என்றே உறுதியானால் சின்னச் சின்ன இடங்களையும் கவனிக்க வேண்டும். கட்டிப் பெருங்காயம், தூள் பெருங்காயம் இரண்டிலும் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை அரைக்கும் மில்லில் அரைத்த எந்த மாவும் வேண்டாம். சப்பாத்தி மாவு சலித்த சல்லடையில் பாதாம் மாவைச் சலிக்காதீர்கள், அதன் கண்ணில் ஒட்டியிருப்பதே போதும் வயிற்றைக் கெடுக்க. புதிதாக ஒரு சல்லடை வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று, தானியம் இல்லை என்பதால் சர்க்கரை இல்லை என்று ஆகிவிடாது. பேரீச்சம்பழத்தின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. கருப்பட்டியும் இனிப்புதான். வீட்டில் பெரியவர்கள் யாராவது ‘பாதாம்தானே, சுகர்காரனுக்கு நல்லது’ என்று மூன்று எடுத்துக்கொள்வார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணன் அளவுப்படி ஒரு மஃபினில் 25 கிராம் பாதாம், எண்ணிப் பார்த்தால் 20 பருப்புக்குப் பக்கம் வரும். மூன்று மஃபின் என்றால் 60 பருப்பு. யாரும் ஒரே மூச்சில் 60 பாதாம் தின்ன மாட்டோம் இல்லையா? பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒன்று போதும். வருகிற விருந்தாளிப் பிள்ளைகள் யாருக்காவது பாதாம் போன்ற கொட்டைப் பருப்புகளுக்கு ஒவ்வாமை இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடற்கரைத் தெருக்காரி, கீழக்கரை

அண்ணே, ஜஸாக்கல்லாஹு கைரன். இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. பேக்கிங் பவுடர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், மக்காச்சோள ஸ்டார்ச் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறான். கண்ணாடி போட்டுத்தான் படிக்க முடிந்தது.

டயட் மேடம், லாத்தாவிடம் கேட்டுவிட்டேன். சீட்டிலேயே எல்லாத் தானியமும் என்று எழுதியிருக்கிறார்கள், இன்னும் இரண்டு மாதம் கழித்து அரிசியை முதலில் சேர்த்துப் பார்ப்பார்களாம். அதனால் இந்தப் பெருநாளைக்கு அவனுக்கு மஃபினும் மாமி சொன்ன வட்டிலப்பமும்தான். மாமி, உங்கள் யோசனையை எங்கள் உம்மாவிடம் சொன்னேன். ‘இதைச் சொல்ல இன்டர்நெட் வேண்டியிருக்கிறதா உனக்கு’ என்றார்கள்.

நேற்று அண்ணன் அளவில் பாதி போட்டுச் செய்தேன். நடு இறங்கவில்லை. கருப்பட்டியை வற்றவைத்தது பெரிய வித்தியாசம். மேலே இலேசாக வெடித்து அழகாக இருந்தது. நெய் குறைவு என்று நினைத்தேன், கையில் ஒட்டியதைப் பார்த்தால் அதுவே தாராளம்.

இரண்டு சந்தேகம் மிச்சம். பாதாமோடு முந்திரி கலக்கலாமா? அவர்கள் ஊருக்குத் திரும்பும்போது ரயிலில் கொடுத்துவிட முடியுமா? ராமநாதபுரத்தில் ராத்திரி ஏறினால் காலையில் சென்னை.

மண்டபம் கேம்ப்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் ஓவன் கிடையாது, வாடகை வீடு, ஒரு கேஸ் அடுப்பு, அவ்வளவுதான். குக்கரில் செய்யலாமா? வீட்டில் மாமியார் முட்டை சாப்பிட மாட்டார், முட்டை இல்லாமல் வருமா? அப்புறம் ஒரு அசட்டுக் கேள்வி. எங்கள் தெருவில் நாட்டு வாதுமை மரம் இரண்டு நிற்கிறது, பழம் கொட்டிக் கிடக்கிறது. அந்தப் பருப்பை அரைத்தால் ஆகாதா?

தங்கச்சிமடம் பேக்கர்

மண்டபம் தம்பி, அசடு ஒன்றுமில்லை. நாட்டு வாதுமைப் பருப்பு தாராளமாகத் தின்னலாம், ருசியும் பாதாமுக்குப் பக்கத்தில்தான். சின்ன வயதில் நாங்கள் கல்லை வைத்து உடைத்துத் தின்போம், நகம் நசுங்காத பையன் கிடையாது. கஷ்டம் என்னவென்றால் ஓடு கட்டை மாதிரி, உள்ளே பருப்பு ஊசி மாதிரி. 250 கிராம் சேர்க்க அந்த இரண்டு மரமும் போதாது, உங்கள் லீவும் போதாது. ஒரு கைப்பிடி கிடைத்தால் நறுக்கி மேலே தூவுங்கள்.

குக்கர் வேண்டாம், அடி கனமான அலுமினியச் சட்டி இருந்தால் நல்லது. அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கல் உப்பு, அதன் மேல் ஒரு வளையம், மூடி போட்டு நடுத்தர தீயில் பத்து நிமிடம். பிறகு சின்னக் கிண்ணங்களில் மாவை ஊற்றி வளையத்தின் மேல் ஒரு தட்டில் வைத்து, தீயை நன்றாகக் குறைத்து 30லிருந்து 35 நிமிடம். மூடியில் வேர்க்கும் தண்ணீர் சொட்டாமல் இருக்க மூடிக்கு ஒரு துணி கட்டுங்கள், நுனிகளை மேலே முடிந்துவிட வேண்டும், தீயில் தொங்கக் கூடாது. மேலே சிவக்காது, ஆனால் வேகும். உப்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், குழம்புக்கு மட்டும் எடுக்காதீர்கள்.

முட்டை இல்லாமல் என்றால் உள்ளதைச் சொல்கிறேன், மஃபின் வராது. ஆளி விதைப் பொடி ஒரு மேசைக்கரண்டிக்கு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு ஊறவைத்தால் வழவழவென்று வரும், ஒரு முட்டைக்கு அது ஈடு என்பார்கள். மைதா கேக்கில் ஒப்பேற்றும். பாதாம் மாவில் முட்டையை முழுசாக எடுத்துவிட்டு அதைப் போட்டால் அடர்த்தியாக, நடுவில் பசையாகத்தான் நிற்கும். மாமியாருக்கு அதே பொருட்களை, முட்டையும் எலுமிச்சையும் சோடாவும் இல்லாமல், கெட்டியாகப் பிசைந்து தட்டையான பிஸ்கட்டாகத் தட்டிக் கொடுங்கள். தோசைக்கல்லில் சின்னத் தீயில் மூடி வைத்து இரண்டு பக்கமும் வாட்டினால் போதும். மஃபின் என்று பேர் சொல்லாமல் கொடுத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

தங்கச்சி, முந்திரி கலக்கலாம், பாதிக்குப் பாதி வரைக்கும். முந்திரியில் பாதாமைவிட ஸ்டார்ச் கூடுதல், இனிப்பும் கூடுதல், மஃபின் மிருதுவாக வரும். ஆனால் இன்னும் சீக்கிரம் சிவக்கும், அதனால் சூட்டை 155க்கு இறக்கிவிடுங்கள். அரைக்கும்போது பாதாமைவிட வேகமாக விழுதாகும், இரண்டு சுற்றுச் சுற்றி ஜாரைத் திறந்து பாருங்கள். வேர்க்கடலை மலிவு என்று அதன் பக்கம் போகாதீர்கள். அது பயறு வகை, தானியம் இல்லாத பத்தியம் சிலவற்றில் அதையும் தள்ளி வைப்பார்கள். சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ருசியும் கடலைமிட்டாய்ப் பக்கம் இழுக்கும்.

ரயிலுக்கு வழி உண்டு. முந்தின நாளே செய்து ஆறவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பட்டர் பேப்பரில் சுற்றி, காற்றுப் புகாத பையில் போட்டு ஃபிரீசரில் வையுங்கள். ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது எடுத்து அப்படியே டப்பாவில் அடுக்கினால் காலைக்குள் தானாகவே பதத்துக்கு வந்துவிடும். பையைப் பிரிக்காமல் இளக விட வேண்டும், பாதியில் பிரித்தால் குளிர்ந்த மஃபின் மேல் காற்றின் ஈரம் முத்து முத்தாக இறங்கும். சென்னை போனதும் ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஃபிரீசரிலேயே விட்டால் ஒரு மாதம் ருசி மாறாமல் இருக்கும், அதற்கு மேல் பாதாம் எண்ணெய் சிக்கடிக்க ஆரம்பித்துவிடலாம்.

மறந்துவிட்டேன், காகிதக் கப். சாதாரண மெல்லிய கப் வாங்கினால் பாதி மஃபின் காகிதத்தோடு போய்விடும். மெழுகுத்தாள் கப்பும் வேண்டாம், சூட்டில் மெழுகு இளகும். பட்டர் பேப்பரைச் சதுரமாக வெட்டி டம்ளரில் அமுக்கி வடிவம் எடுத்துத் தட்டில் வைத்தால் ஒட்டவே ஒட்டாது, பார்க்கவும் கடைச் சரக்கு மாதிரி இருக்கும். ராமநாதபுரத்தில் கேக் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும்.